நிலா காட்டும் வாட்ச்

போட்டோவில் இரண்டு பேருக்கும் மொட்டைத்தலை. எட்டு வயது கிரேஸும் அவள் அப்பா அசரியாவும் சித்தூர் ஸ்டுடியோவில் நெருக்கி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் இடது மணிக்கட்டில் ஒரு பட்டை அகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது.

"இது அறுவத்து மூணு ஆகஸ்டுல எடுத்தது. அப்பவே வாட்சு திருடு போயிடுச்சு" என்றாள் கிரேஸ்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஆதிநாராயணன் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பதியில் அவருக்கு ஜவுளிக்கடை. ஆனால் பத்திரிகையில் படம் வந்தது வாட்சுகளுக்காக. கிடைக்காத வெளிநாட்டு வாட்சுகளாக நூற்றுப் பதினேழு சேர்த்திருந்தார். ஒன்றைக்கூடக் கையில் கட்டமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றுக்கும் சாவி கொடுத்துவிட்டு மறுபடி பெட்டியில் வைத்துவிடுவார். ஒவ்வொன்றின் அடியிலும் எங்கே, எப்போது வாங்கியது என்று ஒரு சீட்டு.

பத்திரிகைப் படத்தில் அவர் கையில் இருந்தது தங்க வாட்ச். முகப்பில் ஒரு சின்ன நிலா, வளர்ந்து வளர்ந்து தேயும். மிஷன் டாக்டர் துரை சீமைக்குத் திரும்பும்போது, கூடவே கிராமம் கிராமமாக வேதம் சொல்லி நடந்த உபதேசியார் அசரியாவுக்குத் தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த வாட்ச் அது. படத்தைப் பார்த்த மறுநாளே கிரேஸ் அப்பாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். வர மாட்டேன் என்று அவர் எவ்வளவோ சொன்னார். இப்போதும் வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விற்றவர் பெயரை வெளியாளிடம் சொல்லும் வழக்கமில்லை என்றார் ஆதிநாராயணன்.

"பின்மூடியில என்ன வெட்டியிருக்குன்னு சொல்றேன். தப்பா இருந்தா எழுந்து போயிடறேன். 'அசரியாவுக்கு, 1951.' கீழ ஒரு சிலுவை."

அவர் பெட்டியிலிருந்து வாட்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வாட்சு எனக்கு வேணாங்க. எங்கண்ணன் வித்தானா இல்லையா, அது மட்டும் தெரியணும்."

தாய் இல்லாத வீடு. கிரேஸ் டைபாய்டில் இருபத்தோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது பதினாறு வயது அண்ணன் நேசகுமார்தான். தூக்கம் வராத தங்கையின் காதில் அப்பாவின் வாட்சை வைத்து, டிக் டிக் கேட்க வைப்பான். அவள் பிழைத்தாள், வாட்ச் காணவில்லை. சபைப் பெரியவர்கள் விசாரித்தபோது, அண்ணன் கையில் பார்த்தேன் என்று கிரேஸ் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும் நேசகுமாரை எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க வைத்துத் திருடன் என்றார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரமே அவன் வீட்டை விட்டுப் போனான்.

சூளூர்பேட்டையில் லாரி ஷெட்டில் இருந்தான். தங்கை பி.ஏ. பாஸ் பண்ணியது எப்படியோ தெரிந்து, ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று போன வருஷம் கார்டு போட்டிருந்தான். வாட்சைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வா என்று கிரேஸ் ஒரே வரியில் பதில் எழுதினாள். அவன் வரவில்லை. போன மாதம் தந்திதான் வந்தது. லாரி சரிந்து, அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தவனை நசுக்கிவிட்டது.

ஆதிநாராயணன் மறுபடி போட்டோவைக் கையில் எடுத்தார்.

"ஏம்மா, உங்க நைனாவுக்கு எதுக்கு மொட்டை?"

"ஆஸ்பத்திரியில என் முடிய வழிச்சிட்டாங்க. நான் அழுவேன்னு நைனாவும் மொட்டை அடிச்சிக்கினு வந்து நின்னாரு. அப்படிப்பட்ட மனுசன். அவரு பொருள எடுக்க ஒருத்தனுக்கு எப்படிங்க கை வரும்?"

ஆதிநாராயணன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு பெட்டியில் அந்த வாட்சுக்கு அடியில் இருந்த சீட்டை உருவினார்.

"யாரும் விக்கலம்மா. மேல மலையில உண்டியல்ல விழுந்தது. அறுவத்து நாலுல தேவஸ்தானம் ஏலம் போட்டப்ப எடுத்தேன். உசுருக்கு வேண்டிக்கிறவங்க கையில கழுத்துல இருக்கறத அப்படியே கழட்டிப் போட்டுடுவாங்க."

கிரேஸ் எழுந்துவிட்டாள். திருடினவன் விற்பான், அடகு வைப்பான். உண்டியலில் கொண்டுபோய்ப் போடமாட்டான். பதினைந்து வருஷமாக நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தது சட்டென்று அணைந்தது. அந்த இடத்தில், கார்டில் தான் எழுதிய ஒரே வரி வந்து உட்கார்ந்தது.

வாசலுக்கு ஓடி அப்பாவின் தோளைப் பிடித்தாள். "நைனா, அண்ணன் எடுக்கல. நாமதான் அவன... வேற எவனோ எடுத்துக்கினு போய் மலையில போட்டிருக்கான், நைனா."

அசரியாவின் வலது கை இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"உனக்கு முடி எடுக்கறதுக்கு மூணு நாள் முன்னாடியே எனக்கு மொட்டை, கிரேசு."