ஒரு விரல் தூரம்

ஐந்து நாற்பத்திரண்டு. பால் பூத்தின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.

பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இன்ஜின் அணையவில்லை.

அவள் பிடரியில் இரண்டு விரல்கள் பட்டன.

பதற்றமில்லாத விரல்கள்.

தாலிக்கொடி அறுபடவில்லை. கழன்றது.

அவள் திரும்பினாள். ஒயர் கூடை கீழே விழுந்தது. வலது முஷ்டி இடுப்பிலிருந்து புறப்பட்டது. யோசித்து அனுப்பியதல்ல. ஆறு வருடமாக, விடியும் முன் மொட்டை மாடியில் தினம் நூறு தடவை அனுப்பியது.

தொப்பி. மூக்கை மறைத்துக் கட்டிய கைக்குட்டை. இடையில் இரண்டு கண்கள்.

முஷ்டி நேராக மூக்குக்குப் போனது.

நின்றது.

ஒரு விரல் இடைவெளி.

கைக்குட்டை லேசாக அசைந்து அடங்கியது.

அவள் நிறுத்தவில்லை. கைதான் நின்றது. போ, என்றாள் கையிடம். இன்னும் ஒரு விரல்தான். போ.

போகவில்லை.

கராத்தே வகுப்பில் இப்படித்தான். ஒருவர் தினசரிக் காலண்டர் தாளை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். தாளுக்கு மேலே கண்கள் மட்டும் தெரியும். இன்னொருவர் குத்துவார். தாள் அசைய வேண்டும். கிழியக் கூடாது. கிழித்தால் ஐம்பது தண்டால். குத்து நின்றதும் தாள் பிடித்தவர் ஓரடி பின்வைத்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, குனிந்து, ‘ஓஸ்’ என்று வணக்கம் சொல்ல வேண்டும். அதன் பிறகே அடுத்த குத்து.

மஞ்சள் பெல்ட்டில் ஒரு மாலைக்கு நான்கு தாள் கிழித்தாள். பச்சையில் ஒன்று. பிரவுன் பெல்ட் வாங்கிய பிறகு ஒன்றுகூடக் கிழியவில்லை.

“நல்லாப் பாருங்கடா. அம்மணி கையில பிரேக் இருக்குது” என்பார் மாஸ்டர்.

கணவருக்கு அது வேடிக்கை. “கலர் கலரா பெல்ட்டு வாங்கற. திருடன் வந்தா, முதல்ல காயிதத்தப் புடிடான்னு சொல்லுவியா?”

வரும் ஞாயிறு பிளாக் பெல்ட் தேர்வு.

முஷ்டி இன்னும் அங்கேயே இருந்தது.

அவன் ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை?

தெருவிளக்கின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. கண்கள் திறந்திருந்தன. குத்து வந்தபோதும் திறந்துதான் இருந்தன. அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

யாரும் அப்படி இருப்பதில்லை.

வகுப்பில் இருபது பேர். தாள் பிடிக்கிற எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். முஷ்டியின் காற்று பட்டால் இமை தானாக விழும். மாஸ்டருக்கும் விழும்.

தரணிக்கு மட்டும் விழாது.

தரணி அவளுக்கு மூன்று வருட ஜோடி. ஞாயிற்றுக்கிழமைத் தேர்விலும் அவன்தான் ஜோடி. எப்படிடா மூடாமல் இருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டாள்.

“நீங்க நிறுத்திருவீங்கன்னு தெரியுங்க்கா.”

நகையோடு வகுப்பில் நிற்கக் கூடாது. வாரம் மூன்று மாலை, தாலிக்கொடியைக் கழற்றி டிபன் பாக்ஸுக்குள் வைப்பாள். வீட்டில் சொன்னதில்லை. தெரிந்தால் அன்றோடு வகுப்பு முடிந்தது. டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று தரணிக்கு மட்டும் தெரியும்.

போன வாரம் அவள் திரும்ப மாட்டிக்கொள்ளும்போது அருகில் நின்றிருந்தான்.

“கொக்கி லூசாயிருச்சுங்க்கா. தொட்டாலே கழண்டுக்கும். மாத்திருங்க.”

தேர்வு முடியட்டும் என்றாள்.

இல்லை.

தொப்பி போட்டவர்கள் எத்தனையோ பேர். கண் இமைக்காதவர்களும் உலகத்தில் இருப்பார்கள். ஸ்கூட்டர் அவனுடையது இல்லை. இந்தச் சட்டையை அவள் பார்த்ததே இல்லை. இது வேறு யாரோ.

வேறு யாரோவாக இருக்கட்டும்.

தாலிக்கொடி போனாலும் பரவாயில்லை. ஸ்கூட்டரில் ஏறிப் போய்விடட்டும்.

அவன் வலது கால் ஓரடி பின்னால் போனது.

இடது கால் அதனோடு சேர்ந்தது.

கைகள் தொடையோடு ஒட்டின. இடது முஷ்டியிலிருந்து தாலிக்கொடி முழங்கால் வரை தொங்கியது. நுனியில் தாலி ஆடியது.

அவன் குனிந்தான்.

கைக்குட்டைக்குள்ளிருந்து பாதிச் சொல் வெளியே வந்தது. மீதியை விழுங்கினான்.

குனிந்த முதுகு அப்படியே உறைந்தது. தான் என்ன செய்தோம் என்று அவனுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

ஷட்டர் கடகடவென்று முழுதாக ஏறியது. ஸ்கூட்டர் உறுமிக்கொண்டே இருந்தது. அவன் நிமிரவில்லை. அவள் கையும் இறங்கவில்லை. அது நீட்டிய இடத்தில் இப்போது முகம் இல்லை.

குனிந்த தொப்பியைப் பார்த்துக் கேட்டாள்.

“கண்ணையாவது மூடியிருக்கலாமே, தரணி?”