மாமியாரைத் தள்ளிவிட்ட மாப்பிள்ளை

"இந்தக் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவையா நான் இடுப்புல மாட்டிக்கிட்டு நிக்கணும்? நாலு பேர் பார்த்தா சிரிக்க மாட்டாங்களா?"

விஷ்கோவ் ஊர்த் துப்பாக்கிக் கடையில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு கேட்டாள் பிளாஷெனா. வயது ஐம்பத்தெட்டு. தபால் ஆபீஸில் வேலை.

"பார்க்க டப்பா மாதிரிதான் இருக்கும். ஆனா இந்த உறைதான் துப்பாக்கியைக் கெட்டியாப் பிடிக்கும் அத்தை," என்றான் மாப்பிள்ளை லுபோஷ்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு முதல் போட்டி. நின்ற இடத்தில் நின்று சுடுவதல்ல, ஓடி ஓடிச் சுடுவது. பக்கத்து கவுன்ட்டர் ஸ்தெங்கா, "நீயா? மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க பாரு," என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து பிளாஷெனாவுக்கு ஒரே வீம்பு. ஜெயிக்கிறோமோ இல்லையோ, கடைசிச் சுற்று வரைக்கும் நின்று காட்டிவிட வேண்டும்.

துப்பாக்கி விஷயத்தில் மாப்பிள்ளை சொன்னதைத்தான் கேட்டாள். அவள் ஆசைப்பட்டது கைக்கு அடக்கமான ஒரு குட்டித் துப்பாக்கிக்கு.

"அது கைப்பையில வெச்சுக்கத்தான் லாயக்கு. கனமான இரும்பா இருந்தாதான் சுடும்போது கையில எகிறாது," என்று பெரிசாக ஒன்றை எடுத்துக் கொடுத்தான். தடி பெல்ட், தோட்டா மேகஸின் செருக நாலு பை, காதடைப்பு எல்லாமே அவன் தேர்வுதான்.

"உறையாவது என் இஷ்டத்துக்கு வாங்கிக்கறேனே மாப்பிள்ளை," என்று பழுப்புத் தோலில் ஓக் இலை பொறித்த ஒன்றை எடுத்தாள்.

அவன் துப்பாக்கியை அதில் செருகி ஆட்டிப் பார்த்தான். "லூஸா இருக்கு அத்தை."

"உங்களுக்கு எப்பவுமே என் ரசனை பிடிக்காது."

அவன் அந்தத் தோல் உறையையே பில் போடக் கொடுத்தான். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவன் மாமியாரிடம் பேசியதையெல்லாம் ஒரே தபால் கார்டில் எழுதிவிடலாம். அப்படி ஒரு மனுஷன்.

சனிக்கிழமை. காட்டுக்குள் ஒரு பழைய கல்குவாரி. ராத்திரி பெய்த மழையில் ஒரே சேறு. அவள் குழுவிலேயே மாப்பிள்ளையும் சுட வந்திருந்தான்.

முதல் சுற்றில் இரண்டு குறி தவறிவிட்டது. இரண்டாவது சுற்றில் ஒரு குறியைக்கூட விடவில்லை. பிளாஷெனாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருவர் சுட்டு முடித்ததும் மற்றவர்கள் போய் அட்டைகளில் விழுந்த ஓட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவளும் காதடைப்பைக்கூடக் கழற்றாமல் குஷியாக ஒட்டிக்கொண்டு போனாள். தாழ்வாக இருந்த ஓர் அட்டைக்காகக் குனிந்தாள். இடுப்பிலிருந்த துப்பாக்கி நழுவிச் சேற்றில் விழுந்தது.

ஐயோ, புதுசாச்சே என்று பதறிப்போய் எடுக்கக் கையை நீட்டினாள்.

அவ்வளவுதான். பக்கத்திலிருந்து யாரோ ஓடிவந்து மோதித் தள்ளியதில், சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளை. அவளைத் தூக்கிவிடவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. துப்பாக்கிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு யாரையோ கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தான். கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்து பார்த்தது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மகள் யித்கா ஓடிவந்து தூக்கிவிட்டு, அம்மாவின் காதடைப்பைக் கழற்றினாள்.

"பார்த்தியாடி உன் புருஷன் லட்சணத்தை? இத்தனை நாளா வாயைத் திறக்காதவன், இன்னைக்கு நேரா கையை நீட்டிட்டான்."

"அம்மா, கொஞ்சம் பொறு..."

"இன்னும் என்னடி பொறுக்கிறது? என்னை பஸ் ஏத்தி விடு. இனிமே உங்க வீட்டு வாசப்படி மிதிச்சா என்னை ஏன்னு கேளு." அவமானத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் நடுவர் ஹனாக் வந்தார். துப்பாக்கியை எடுத்து, காலியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார்.

"நீங்க இதைத் தொட்டீங்களா அம்மா?"

"தொட விட்டாரா இந்த மனுஷன்?"

"நல்ல வேளை," என்று ஹனாக் பெருமூச்சு விட்டார். "காலித் துப்பாக்கி தவறி விழுந்தா தப்பில்ல. ஆனா அதை ஆட்டக்காரரே எடுத்துட்டா, அந்த நிமிஷமே போட்டியை விட்டு வெளியே போக வேண்டியதுதான். நடுவர்தான் எடுக்கணும். காலையிலேயே சொன்னேன். நீங்க அப்ப உறையைத் தடவிக்கிட்டு இருந்தீங்க."

"அவர் தொடாதீங்க தொடாதீங்கன்னு கத்தினாரும்மா. காதடைப்புல உனக்குக் கேக்கல," என்றாள் யித்கா.

பிளாஷெனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் இன்னும் ஆட்டத்துல இருக்கேனா?"

"தாராளமா இருக்கீங்க. உறையை மட்டும் மாத்திட்டு வாங்க."

கூட்டத்தில் அதே ரகத் துப்பாக்கி வைத்திருந்த ஒருவர், தன்னிடம் உபரியாக இருந்த பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து நீட்டினார். மறுபேச்சு இல்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டாள். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. விழுந்த விதத்தை நினைத்து, பாவாடை அணிந்து வராததற்காக ஆண்டவனுக்கு ஒரு நன்றியும் சொல்லிக்கொண்டாள்.

மாப்பிள்ளைதான் காது சிவக்கத் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். "மன்னிச்சுக்கங்க அத்தை. சேறா இருக்குன்னு யோசிக்கல."

"சேறு கிடக்குது, துவைச்சா போயிடும். இத்தனை பேர் திகைச்சுப்போய் நின்னாங்க. உங்களுக்கு மட்டும் எப்படி மாப்பிள்ளை சட்டுனு பாயத் தோணிச்சு?"

லுபோஷ் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான். இது அவளுக்கும் தெரியாத சங்கதி போலிருக்கிறது.

"என்னோட முதல் போட்டியில என் துப்பாக்கியும் விழுந்துச்சு அத்தை. குனிஞ்சு எடுத்துட்டேன். தள்ளிவிட எனக்கு ஆள் இல்ல."