தெற்கே ஒரு புல்வெளி

எல்மரைப் பற்றிக் குடும்ப வரலாற்றில் இருப்பது ஒரே ஒரு வரி: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அவர்கள் வட்டாரத்தில் அவன் அளவுக்கு டிராக்டர் விற்றவர் எவரும் இல்லை. பண்ணையில் பிறந்தவன் என்பதால் குதிரைகள் அவனை நம்பின. டிராக்டர் வாங்குபவர்களின் கிழட்டு உழவுக் குதிரைகளை வாங்கிக்கொண்டு, அவற்றின் மதிப்பை டிராக்டர் விலையில் கழித்துவிட்டு, நெற்றியைத் தடவியபடி அவனே லாரியில் ஏற்றுவான். "தெற்கே பெரிய புல்வெளி இருக்கு. சாகிற வரைக்கும் மேயலாம்" என்பான். லாரி போவதோ, தோலையும் எலும்பையும் காய்ச்சிப் பசையாக்கும் ஆலைக்கு.

கடைசியில் சொந்த அப்பாவிடமும் ஒரு டிராக்டரை விற்றான். சிறுவயதில் அவனைச் சுமந்து திரிந்த பெஸ் என்ற குதிரை, கயிறுகூட இல்லாமல் அவன் பின்னாலேயே வந்து லாரியில் ஏறி நின்றது.

"ஊரையே ஏமாத்துற வாய்டா உனக்கு" என்றார் அப்பா. "பெத்தவன்கிட்டயாவது நெசத்தைச் சொல்லு. புல்வெளி இருக்கா?"

"சத்தியமா இருக்குப்பா."

அப்பா வீட்டுக்குள் போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். லாரியின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"அப்ப நானும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன். வண்டிய எடு."

எல்மர் வண்டியை எடுத்தான். தெற்கே அவனுக்குத் தெரிந்தது ஆலைக்குப் போகும் சாலை ஒன்றுதான்.