இருக்கிற செவப்பு பத்தலியா?

"இருக்கிற செவப்பு பத்தலியாடி உனக்கு? இன்னும் செவப்பாகி இன்னா சினிமாவுலயா நடிக்கப் போற?"

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில், கட்டிலோரம் நின்று கத்தினான் அருள்தாஸ். கட்டிலில் அவன் மகள் ஏஞ்சல். முகமும் கையும் வெந்து கொப்பளித்திருந்தன. ரெண்டு கண்ணிலும் கட்டு.

காஞ்சிபுரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் அவளுக்கு எடுபிடி வேலை. வெண்புள்ளிக்காரர்களின் வெளுத்த தோலுக்கு நிறம் ஏற்றி வைத்தியம் பண்ணுகிற லைட்டு ஒன்று அங்கே உண்டு. டாக்டர் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடிகூடப் போடாமல், தினமும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் பாவிப் பெண்!

"அது விளையாட்டுச் சாமான் இல்லப்பா," என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "அளவு மீறினா தோலைப் பொசுக்கிடும். பின்னாடி கேன்சர்கூட வரலாம். கண்ணு எப்படி இருக்குன்னு கட்டைப் பிரிச்சாத்தான் சொல்ல முடியும்."

செங்கல் சூளையில் அருள்தாஸ் வெந்து வளர்த்த ஒரே மகளாயிற்றே.

"எப்டியாவது கண்ணக் குடுத்துடும்மா," என்று கும்பிட்டான். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. யார்மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. மூலையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள் மனைவி செங்கேணி.

அவன் கோபம் எப்போதும் போய்ச் சேருகிற இடம் அதுதான். சாலவாக்கத்தில் இவர்களைப்போல ஒரு கருப்பு ஜோடி கிடையாது. பிறந்த மகளோ பப்பாளிப் பழம். டீக்கடையில் எவனாவது "பொண்ணு யாரு ஜாடைப்பா?" என்று இளித்துவிட்டால் போச்சு, அன்றைக்குச் செங்கேணியின் முதுகு பழுத்துவிடும்.

"பொண்ண வளத்துக்கிற லட்சணத்தப் பாரு!" என்று இப்போதும் கையை ஓங்கினான்.

"ஐயோ, அம்மாவ ஒண்ணும் பண்ணாத நைனா!" ஏஞ்சல் காற்றில் துழாவி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீ சொல்லுடி. எதுக்கு இந்த வேல பாத்த? எவனுக்குக் காட்டறதுக்கு?"

அவள் கண்ணில் கட்டோடு முகத்தை மெல்ல அவன் பக்கம் தூக்கினாள்.

"இப்ப உன் கலரு வந்துடுச்சா நைனா?"