ஹாஜா சேர்த்துவிட்ட மீன்கள்

ஜங்ஷனில் வண்ணமீன் கடை வைத்திருந்த ஹாஜா, கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுக்கிற ஆள் இல்லை. "வீட்டுத் தொட்டியில என்னென்ன கெடக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. ஃபைட்டர் இருக்கிற தொட்டிக்குக் கப்பி தர மாட்டார். ஏஞ்சல் இருந்தால் நியான் டெட்ராவைக் கண்ணிலேயே காட்ட மாட்டார். வாஸ்துக்காக வீட்டுக்கு வீடு மீன் தொட்டி வைத்த தொண்ணூற்றேழில், ஹாஜா சேர்த்துவிட்ட மீன்கள் ஒன்றையொன்று தொடாது என்று நெல்லையில் அவருக்கு ஒரு பேர் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, தச்சநல்லூரில் சிவசண்முகம் வீட்டிலிருந்து அவசரமாக ஆள் வந்தது. போனால், கூடத்தில் ஏட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொட்டியில் டிஸ்கஸ் மீன் ஜோடியைக் காணோம். அரைப் பவுன் மோதிரத்தின் விலை. சென்னையிலிருந்து ஹாஜாவே வரவழைத்துக் கொடுத்தது.

வீட்டார் இரண்டு நாள் திருச்செந்தூர் போயிருந்தார்கள். சாவி, பின்கட்டில் குடியிருக்கும் தோட்டக்காரன் சங்கிலிபூதத்தானிடம் இருந்தது. அவன் இப்போது தூணோரம் நின்றான். ஒரு கன்னம் ஏற்கெனவே வீங்கியிருந்தது.

"ஹாஜா பாய் சேர்த்துவிட்ட மீனு ஒண்ணையொண்ணு தின்னாது. அதை அவரு வாயாலயே சொல்லட்டும்னுதான் கூப்பிட்டேன்" என்றார் சிவசண்முகம்.

"சொல்லும் பாய். மிச்சத்தை ஸ்டேஷன்ல வச்சு இவனே சொல்லிருவான்" என்றார் ஏட்டு.

ஹாஜா தொட்டியைப் பார்த்தார். சாதுவான நாலு கௌராமி. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியை நக்கும் விரல் நீளச் சக்கர் மீன் ஒன்று. காணாமல்போனவை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். தின்ன வழியே இல்லை.

பின்கட்டுப் பக்கம் நடந்தார். சங்கிலிபூதத்தானின் வாசல்படியில் மீன் தொட்டிக்குள் வளர்க்கும் நீர்ச்செடியின் இலை ஒன்று வாடிக் கிடந்தது. ஏட்டு அதை இன்னும் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் மனைவி கோமு நின்றாள்.

ஹாஜா செருப்புக் காலை இலைமேல் வைத்துத் தேய்த்தார். பிறகு கூடத்துக்கு வந்து, தொழிலில் முதல்முறையாகப் பொய் சொன்னார்.

"தப்பு என் மேலதான் ஏட்டய்யா. இந்தச் சக்கர் தின்னுருக்கு."

"இந்தப் பொடியனா? முள்ளுகூட மிஞ்சலையே?"

"டிஸ்கஸ் முள்ளு ரொம்ப மெல்லிசு. அப்படியே உறிஞ்சிரும். அண்ணாச்சி, வேற ஜோடி நான் சும்மாவே தாரேன்."

ஏட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப அக்யூஸ்டை ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போம்வே!" காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார். சிவசண்முகத்தின் முகம் கறுத்துப்போயிற்று. மீன் போன துக்கம் என்று ஹாஜா நினைத்துக்கொண்டார்.

வாசலில் சங்கிலிபூதத்தானின் காதருகே குனிந்தார். "எங்கன வச்சிருந்தாலும் தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும். பைய கடைக்குக் கொண்டு வந்துரு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"எதை பாய்?" என்று விழித்தான் அவன்.

எவ்வளவு தேறிய நடிப்பு என்று ஹாஜா வியந்தார்.

நான்கே நாளில் செய்தி ஜங்ஷன் வரை வந்துவிட்டது. இரண்டு பேர் மீன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். "தின்னாத மீனா பாத்துக் குடும் பாய்" என்று ஒரு வாத்தியார் கேலி செய்தார். ஹாஜா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்மாவில் அந்தப் பொய்க்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து கடையைத் திறந்தபோது, பின்வாசலில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது.

"வந்துட்டியா லே? அங்கன வச்சிட்டுப் போ" என்றார் திரும்பாமலே.

"யாரை வே 'லே'ங்கீரு?"

வேர்வை வழிய சிவசண்முகம் நின்றிருந்தார். காலடியில், ஈரச் சாக்குப் போட்டு மூடிய வாளி.

"பின்கட்டோட சேத்து இடத்தை விலை பேசி முடிச்சாச்சு. அவன் காலி பண்ண மாட்டேங்கான். பதினெட்டு வருஷமா இருந்தவனைக் கையைப் பிடிச்சு இழுக்கவா முடியும்? கேசு ஒண்ணு விழுந்திருந்தா அன்னைக்கே போயிருப்பான். நீரு வந்து கெடுத்துட்டீரு. ஏட்டுக்கிட்ட நீரு சொன்ன பொய் எனக்குத் தெரியும், நான் சொன்ன பொய் இப்ப உமக்குத் தெரியும். அதனால இதை நீரே வச்சுக்கிடும்."

"தொட்டியிலேயே திருப்பி விட்டுருங்களேன், அண்ணாச்சி" என்றார் ஹாஜா.

"விட்டுட்டு, உம்ம சக்கர் மீனு கக்கிருச்சுன்னா ஏட்டுக்கிட்டச் சொல்லச் சொல்லுதீரு?" என்றபடி சிவசண்முகம் சாக்கை விலக்க, வாளிக்குள் டிஸ்கஸ் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நீந்திக்கொண்டிருந்தன.