பதினாறு கிலோ

பிள்ளைகள் இரண்டு பேரும் எழுந்து கை கழுவப் போவதற்குள், கணவர் அந்தத் தட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பெரியவள் கடித்துவிட்டு வைத்த ரொட்டி. சின்னவன் ஓரமாக ஒதுக்கிய உருளைக்கிழங்கும் அரை முட்டையும். நாலே வாய்தான். இரண்டு தட்டும் துடைத்து வைத்தது போல ஆகிவிட்டன.

எதிரே மனைவி, கைக்குள் அடங்குகிற ஒரு சின்னக் கிண்ணத்திலிருந்து ஒவ்வொரு வாயையும் இருபது தடவை மென்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க, இப்பத்தானே உங்க தட்டுல போட்டதைச் சாப்பிட்டீங்க?"

"பசிச்சுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் அவள் நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அவள் வேலை பார்க்கும் துணி திருத்தும் கடையில் தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு உட்காரக்கூட முடியாது. டாக்டர் குறித்துக் கொடுத்த எடை எழுபது. ஒன்றரை வருஷத்தில் அதைத் தொட்டுவிட்டாள். தொடுவது பெரிதில்லை, அங்கேயே நிற்பதுதான் பெரும்பாடு என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. காலையில் எடை பார்க்கும்போது முள் அரை கிலோ நகர்ந்தாலும் இறங்கி மறுபடி ஏறிப் பார்ப்பாள். கடையில் யாராவது பிறந்தநாளுக்கு இனிப்பு கொண்டு வந்தால், தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டே இருப்பாள்.

இவர் என்னடாவென்றால் ஊதிக்கொண்டே போனார். தன் சட்டையை அவள் ஒரு அங்குலம் பிடித்தால், அவருடைய பேன்ட் இடுப்பை ஒரு அங்குலம் பிரித்துவிட வேண்டியிருந்தது. பக்கத்து மெஷின்காரி அதைப் பார்த்துவிட்டு, "நீ இறக்கி வெச்சதையெல்லாம் உன் வீட்டுக்காரர் தூக்கிக்கிட்டாரு போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில்தான் அவருக்கு வேலை, ஆகையால் படி ஏறாமல் பிழைப்பில்லை. போன வாரம் எட்டாவது மாடிக்கு ஏறியவர், மூச்சு வாங்கி அரை மணி நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்பவர் போன் செய்துதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். ஒருத்தி வயிற்றை வெட்டிக்கொண்டு வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள், கண் முன்னாலேயே இப்படி வழித்து வழித்துச் சாப்பிட எப்படி மனசு வருகிறது என்று கேட்டாள். உள்ளே இருந்தது பயம்தான், ஆனால் வார்த்தை கோபமாகத்தான் வந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வயசாகுது இல்ல, அதான் என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் மறுபடியும் பிள்ளைகள் தட்டு அவர் பக்கம் போயிற்று.

இனிமேல் சொல்கிறவர்கள் சொன்னால்தான் கேட்பார் என்று, இரண்டாம் வருஷப் பரிசோதனைக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

டயட்டீஷியன் அவளை நிறுத்துப் பார்த்தார். அறுபத்தொன்பதரை. இரண்டு வருஷம் கழித்து இப்படி நிலைத்து நிற்பவர்கள் குறைவு என்று மனம் விட்டுப் பாராட்டினார்.

"என்னை விடுங்க மேடம். இவரை ஏத்திப் பாருங்க."

மதிப்பெண் அட்டையை நீட்டும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி அவர் ஏறி நின்றார். எண்பத்தெட்டு. ஆபரேஷனுக்கு வந்த அன்று, மனைவிக்குத் துணையாக விளையாட்டுப் போல ஏறிப் பார்த்தபோது எழுபத்திரண்டுதான் இருந்தார்.

பதினாறு கிலோ. அவள் வந்த வேலையை ஆரம்பித்தாள். பிள்ளைகள் வைக்கும் மிச்சத்தைக்கூட விடுவதில்லை என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

எழுதிக்கொண்டிருந்த டயட்டீஷியன் பேனாவை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"ஏன் மேடம்?" என்றாள் அவள்.

"ஆபரேஷனுக்கு முந்தின வாரம் இவரைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினேம்மா. உங்க தட்டுல போட்டுக்கறதால உங்க எடை ஏறல, பிள்ளைங்க தட்டுல மிஞ்சறதாலதான் ஏறிச்சு. வயிறு சின்னதானாலும் அந்தப் பழக்கம் போகாது. அதனால மிச்சம் உங்க கண்ணுல படறதுக்கு முன்னாடி எடுத்துக் கொட்டிடுங்கன்னு இவர்கிட்ட சொன்னேன்."



ஏழு பேர் இருந்த வீட்டில் நாலு பேர் சாப்பாட்டைப் பங்கு போட்டு வளர்ந்தவள் அவள். ஒரு பருக்கை வீணானாலும் மனசு கேட்காது. ஒரு காலத்தில், பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடியே, பிள்ளைகள் வைத்த மிச்சம் அத்தனையையும் வாயில் போட்டுக்கொண்டுதான் தட்டைக் கழுவுவாள். இந்த இரண்டு வருஷத்தில் மிச்சம் வைத்த ஒரு தட்டுகூட அவள் கைக்கு வந்ததில்லை. அது ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"கொட்டத்தானே சார் சொன்னேன்?" என்றார் டயட்டீஷியன். "நீங்க சாப்பிடணும்னு சொல்லலையே."

கணவர் மனைவியின் பக்கம் திரும்பாமலே, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"முதல் நாள் கொட்டினேன் மேடம். குப்பைக் கூடையில அதைப் பார்த்துட்டு, தையல் போட்ட வயித்தைப் பிடிச்சுக்கிட்டு இவ அழுதா. அப்புறம் எனக்குக் கொட்டக் கை வரல."