விரத பீட்சா

ஊரப்பாக்கம் வீட்டில் அன்று புரட்டாசி சனிக்கிழமை. ஏர் ஃப்ரையரிலிருந்து எடுத்த பிரெஞ்சு பிரெட் பீட்சாவை மருமகள் ஜாஸ்மின் நீட்டினாள்.

மாமியார் தாயாரம்மாள் தட்டைத் தள்ளினாள். "கோழி வெந்த மிஷின்ல செஞ்சத நான் தொடமாட்டேன்."

"புரட்டாசிக்குன்னே புதுசா வாங்கினது அத்தை. அதுல முட்டைகூட வச்சதில்ல."

"சர்ச்சுக்குப் போறவளுக்கு விரதத்தப் பத்தி இன்னா தெரியும்? முந்தாநேத்து வெந்துச்சுடி. எவ்ளோ கழுவியும் வாடை போகல."

"முந்தாநேத்து நானும் உங்க புள்ளையும் வண்டலூர்ல எங்கம்மா வீட்ல இருந்தோம். இங்க நீங்க மட்டும்தான் இருந்தீங்க."

தாயாரம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

ஜாஸ்மின் தட்டை மறுபடி அவள் முன்னால் வைத்தாள். "உங்க புள்ளையக் கூப்பிடட்டுமா, சாப்பிடறீங்களா?"

தாயாரம்மாள் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.